மறைந்து நூறாண்டு கடந்தும் நாடகம் நடத்தும் வாத்தியார்: புதுக்கோட்டை மேடையின் அதிசயங்கள் தெரியுமா?

ஒத்திகை கிடையாது. மேடைக்குப் பின்னால் நின்று அதட்டுகிற இயக்குநர் கிடையாது. வள்ளியாக நடிப்பவர் ஓர் ஊர், நாரதர் இன்னோர் ஊர், ஆர்மோனியக்காரர் வேறோர் ஊர். பல நேரம் அவர்கள் ஒருவரை ஒருவர் பார்ப்பதே அன்று ராத்திரிதான். ஆனாலும் பத்து மணிக்குத் தொடங்குகிற நாடகம் கிழக்கு வெளுக்கும்வரை ஒரு பிசிறு இல்லாமல் ஓடுகிறது!

இது ஏதோ வெளிநாட்டுச் சங்கதி என்று நினைத்துவிடாதீர்கள். ஆலங்குடி, அறந்தாங்கி, திருமயம், கீரனூர் பக்கம் கோயில் திருவிழா நடக்கும் ஊரில் ஒரு ராத்திரி உட்கார்ந்தால் நீங்களே பார்க்கலாம். இத்தனையும் எப்படி நடக்கிறது? 1922-லேயே மறைந்துவிட்ட ஒரு வாத்தியார்தான் இன்றுவரை அந்த மேடையை நடத்திக்கொண்டிருக்கிறார். அவர் பெயர் சங்கரதாஸ் சுவாமிகள். தமிழ் நாடகத் தலைமையாசிரியர் என்று உலகம் போற்றும் அந்த மனிதருக்கும் புதுக்கோட்டை மண்ணுக்கும் உள்ள உறவைக் கேட்டால் அசந்துபோவீர்கள்!

'ஸ்பெஷல் நாடகம்' என்று ஏன் பெயர், தெரியுமா?

கம்பெனி நாடகம் என்றால் ஒரு முதலாளி, ஒரே குழு, மாதச் சம்பளம். ஸ்பெஷல் நாடகத்தில் அப்படி இல்லை. ஒவ்வொரு நடிகரையும் தனித்தனியாக, அந்த ஒரு ராத்திரிக்கு மட்டும் பேசி அழைக்கிறார்கள். ராஜபார்ட் ஒருவர், ஸ்திரீபார்ட் ஒருவர், பபூன் ஒருவர், டான்ஸ் ஒருவர், ஆர்மோனியத்தில் அமர்ந்து பின்பாட்டுப் பாடுபவர் ஒருவர், மிருதங்கம் ஒருவர், ஆல்ரவுண்ட் வாசிப்பவர் ஒருவர் என்று ஆளாளுக்கு ஓர் ஊரிலிருந்து வந்து சேர்கிறார்கள். விழா நோட்டீசில் ஒவ்வொருவர் படத்துக்கும் கீழே பெயரும் ஊரும் இருக்கும்.

எல்லோருக்கும் பொதுவாக இருப்பது ஒன்றே ஒன்றுதான்: சுவாமிகள் எழுதிய நாடகம். எந்த இடத்தில் எந்த விருத்தம், எந்தப் பாட்டு முடிந்ததும் யார் நுழைய வேண்டும், எங்கே தர்க்கம் தொடங்க வேண்டும் என்பதெல்லாம் அவர்களுக்கு நெஞ்சில் மனப்பாடம். நாரதரும் வள்ளியும் தர்க்கத்தில் இறங்கிவிட்டால் மணிக்கணக்கில் நீளும். சொந்தச் சரக்கை எவ்வளவு வேண்டுமானாலும் எடுத்து விடலாம். ஆனால் முடிக்கிறபோது சுவாமிகள் போட்ட தடத்துக்கு வந்து சேர்ந்தே ஆக வேண்டும்!

அவர் முதலில் பார்த்த வேலை என்ன தெரியுமா?

உப்புப் பண்டகசாலையில் கணக்கு எழுதுவது! 1867 செப்டம்பர் 7 அன்று தூத்துக்குடி அருகே காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தவர் அவர். அப்பா தாமோதரனாரை ஊரே 'இராமாயணப் புலவர்' என்று அழைத்தது. வீட்டில் கேட்ட தமிழ் போதாதென்று பழநி தண்டபாணி சுவாமிகளிடம் போய்ப் பாடம் கேட்டார். அங்கே அவருடன் படித்தவர் யார் தெரியுமா? பின்னாளில் பெரும் நாடகப் பாடலாசிரியராகப் புகழ்பெற்ற உடுமலை முத்துசாமிக் கவிராயர்! வெண்பாவும் கலித்துறையும் வண்ணமும் சந்தமும் கரைத்துக் குடித்த அந்த இளைஞர், 24 வயதில் கணக்கு நோட்டை மூடிவைத்துவிட்டு நாடகக் கொட்டகைக்குள் நுழைந்தார். அதன்பின் வாழ்நாள் முழுக்க வேறு வேலை பார்க்கவில்லை. கல்யாணமும் செய்துகொள்ளவில்லை.

அவர் நடிப்பதை ஏன் நிறுத்தினார் தெரியுமா?

ஆரம்பத்தில் அவர் ஏற்ற வேடங்கள் எமன், சனீஸ்வரன், இராவணன், இரணியன். ஆஜானுபாகுவான உடம்பு, இடி மாதிரிக் குரல். நாடக உலகில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்படும் செய்தி இது: சாவித்திரி நாடகத்தில் எமனாக அவர் பாய்ந்து வந்ததைக் கண்ட கர்ப்பிணிப் பெண் ஒருத்திக்குக் கரு கலைந்துவிட்டதாம். இன்னொரு முறை நளதமயந்தி நாடகம் முடிந்து விடியற்காலை இருட்டில், சனீஸ்வரன் வேடத்தைக் கழுவ நீர்க்கரைக்குப் போயிருக்கிறார். அந்தக் கோலத்தில் அவரைப் பார்த்த ஒரு பெண் அதிர்ச்சியில் உயிரையே விட்டுவிட்டாளாம். மனம் உடைந்துபோன சுவாமிகள் வேஷம் கட்டுவதையே விட்டுவிட்டார். எழுதுவது, சொல்லிக்கொடுப்பது, நாடகத்தை நடத்துவது என்று திரும்பினார். தமிழ்நாட்டுக்கு ஒரு பெரும் வாத்தியார் இப்படித்தான் கிடைத்தார்!

புதுக்கோட்டையில் அவருக்கு இன்னொரு அப்பா இருந்தார், தெரியுமா?

இதுதான் நம்ம ஊர்க் கதை! இடையில் நாடகத்தையே துறந்து, காவி கட்டிக்கொண்டு தலம் தலமாகத் திரிந்தார் அவர். 'சுவாமிகள்' என்ற பெயர் நிலைத்தது அப்போதுதான். அந்த யாத்திரையில் புதுக்கோட்டைக்கு வந்தவரை வாரி அணைத்துக்கொண்டவர் லய மேதை மகாவித்துவான் மான்பூண்டியாப் பிள்ளை. சும்மா விருந்தாளியாக வைத்துக்கொள்ளவில்லை. சுவாமிகளைத் தம் சுவீகாரப் புதல்வராகவே ஏற்றுக்கொண்டார்! தூத்துக்குடிச் சீமையில் பிறந்த புலவர், தொண்டைமான் மன்னர்களின் ஊரில் ஒரு தாளச் சக்கரவர்த்தியின் பிள்ளையானார்.

அந்த வீட்டில் இரவும் பகலும் தாளம்தான் பேச்சு. சந்தக் கவி பாட ஏற்கெனவே தெரிந்தவருக்கு, தாளத்தின் சூட்சுமங்கள் அங்கே கைவந்தன. இன்றைக்கும் வள்ளி திருமணத்தில் ஒரு பாட்டு எடுத்ததும் மிருதங்கக்காரர் கை தானாகத் துள்ளுகிறது என்றால், அதில் புதுக்கோட்டைக்கும் ஒரு பங்கு உண்டு. அதன்பிறகு அன்பர்கள் வற்புறுத்தவே சுவாமிகள் மீண்டும் நாடகத்துக்குத் திரும்பினார்.

கஞ்சிராவின் பிறந்த வீடு எது தெரியுமா?

அதே மான்பூண்டியாப் பிள்ளையின் வீடுதான்! பஜனைக் கூட்டங்களில் தட்டும் சின்னத் தோல்கருவி வகையை எடுத்து, பலா மரச் சட்டமும் உடும்புத் தோலும் கொண்டு செப்பம் செய்து, கர்நாடக சங்கீதக் கச்சேரி மேடையில் கஞ்சிராவுக்கு இடம் வாங்கிக் கொடுத்தவர் அவர். உள்ளங்கை அகலத்துக்குக் கொஞ்சம் கூடுதலான கருவி. வாசிப்பவர் அதைத் தலைகீழாகப் பிடித்து, தோலின் உட்புறத்தில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் தெளிப்பார். விரலால் தடவித் தடவித் தட்டிப் பார்ப்பார். ஈரம் ஊற ஊறச் சுருதி இறங்கும். கணீரென்ற ஒலி மெல்ல மெல்லக் 'கும்' என்று கனத்துவரும். ஒரே கை, ஒரே தோல். அதில் மிருதங்கத்துக்கு ஈடுகொடுக்கும் நாதம்! புதுக்கோட்டை தட்சிணாமூர்த்திப் பிள்ளை, பழநி முத்தையா பிள்ளை என்ற இரு மேதைகளும் இந்தப் பரம்பரையின் சீடர்களே. உலகம் கொண்டாடும் 'புதுக்கோட்டை பாணி' இவர்களால் வளர்ந்தது.

ஒரே ராத்திரியில் முழு நாடகம் எழுதினார், தெரியுமா?

'அபிமன்யு சுந்தரி' நாடகத்தைச் சுவாமிகள் ஒரே இரவில் எழுதி முடித்தார் என்று அவருடைய மாணவர் டி.கே. சண்முகம் பதிவு செய்திருக்கிறார். பாட்டும் வசனமும் சேர்த்து முழு நாடகம்! இப்படி அவர் எழுதியவை 68 என்று ஒரு கணக்கு உண்டு. வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன், சத்தியவான் சாவித்திரி, நல்லதங்காள், அல்லி அர்ச்சுனா, சதி அனுசூயா, லவகுசா, பிரகலாதன், சிறுத்தொண்டர் என்று பட்டியல் நீள்கிறது. ஷேக்ஸ்பியரின் ரோமியோ ஜூலியட்டையும் அவர் விட்டுவைக்கவில்லை!

அவருக்கு முன்பு பல நாடகங்களில் பாட்டு மட்டும் இருக்கும். வசனம் அவரவர் வாய்க்கு வந்தபடி. பாட்டுக்கும் பேச்சுக்கும் காட்சிக்கும் ஒரு வரைமுறை வகுத்து, எழுதிய பிரதிப்படி நடிக்க வைத்தவர் சுவாமிகள்.

நடிகர் பெயருக்கு முன்னால் கதாபாத்திரம் ஒட்டிக்கொண்டது, தெரியுமா?

சுவாமிகள் காலத்து நாடகக்காரர்களின் பெயர்களைப் பாருங்கள்: 'வள்ளி' வைத்தியநாதய்யர், 'அல்லி' பரமேசுவரய்யர்! ஒரு நாடகத்தில் பெயர் வாங்கிவிட்டால் அந்தக் கதாபாத்திரமே ஆயுளுக்கும் பட்டம். வைத்தியநாதய்யரின் சபைக்குச் சுவாமிகளே ஆசிரியராக இருந்திருக்கிறார். சினிமா பேசத் தொடங்கியதும் கையை நீட்டியது இந்த நாடகங்களை நோக்கித்தான். 1933-ல் 'வள்ளி திருமணம்' திரைக்கு வந்தது, வள்ளி டி.பி. ராஜலட்சுமி. 1934-ல் 'பவளக்கொடி' வந்தது, அதுதான் எம்.கே. தியாகராஜ பாகவதருக்கு முதல் படம்!

சிறுவர்களை வைத்தே கம்பெனி நடத்தியது ஏன் தெரியுமா?

பெரிய நடிகர்கள் சொன்ன நேரத்துக்கு வருவதில்லை. பாடத்தை மாற்றிப் பேசுவார்கள். பாதியில் கம்பெனி தாவிவிடுவார்கள். பார்த்தார் சுவாமிகள். சிறுவர்களைச் சேர்த்துக்கொண்டு, சாப்பாடும் தங்குமிடமும் கொடுத்து, எழுத்து, இசை, நடிப்பு மூன்றையும் ஒரே கூரையின்கீழ் கற்றுக்கொடுத்தார். அன்றைய பாய்ஸ் கம்பெனிகள் தமிழ்நாட்டின் முதல் நடிப்புக் கல்லூரிகள்! 1918-ல் மதுரையில் அவர் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையில் டி.கே.எஸ். சகோதரர்கள் சேர்ந்தார்கள். அவர்களில் ஒருவரான சண்முகத்துக்கு அப்போது ஆறு வயது!

எம்.ஜி.ஆர்., எம்.ஆர். ராதா, சிவாஜி கணேசன், என்.எஸ். கிருஷ்ணன் என்று எந்தப் பெயரை எடுத்தாலும் அவர்கள் பாய்ஸ் கம்பெனி வழி வந்தவர்களே. இன்னொரு வியப்பு: ஷேக்ஸ்பியர் காலத்து லண்டனிலும் சிறுவர்கள் மட்டுமே நடிக்கும் கம்பெனிகள் இருந்தன. ஜூலியட்டாக அங்கே முதலில் மேடையேறியதும் ஒரு பையனே. கடல் கடந்து, முந்நூறு வருஷ இடைவெளியில், இரண்டு நாடுகள் ஒரே வழியைக் கண்டுபிடித்திருக்கின்றன!

அதே நேரத்தில் இங்கிலாந்தில் என்ன நடந்தது தெரியுமா?

நாடகத்துக்கு 'இயக்குநர்' என்று தனியாக ஒருவர் வேண்டும் என்ற எண்ணமே ஐரோப்பாவில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பின்பாதியில்தான் வேரூன்றியது. ரஷ்யாவில் ஸ்தானிஸ்லாவ்ஸ்கி மாஸ்கோ கலை அரங்கைத் தொடங்கியது 1898-ல். இங்கிலாந்தின் புகழ்பெற்ற இயக்குநர் கார்டன் கிரெய்க் பிறந்தது 1872-ல். நம் சுவாமிகளுக்கு ஐந்து வயது இளையவர்! மேடையில் அசையும் எல்லாம் ஒரே கலைஞனின் மனத்திலிருந்து புறப்பட வேண்டும் என்று கிரெய்க் அங்கே எழுதிக்கொண்டிருந்த காலத்தில், சுவாமிகள் இங்கே பாட்டும் எழுதி, மெட்டும் போட்டு, நடிப்பும் சொல்லிக்கொடுத்து அதைச் செய்தே காட்டிக்கொண்டிருந்தார்.

கிரெய்க்குக்கு இந்திய நாடகத்தின்மேல் தீராத ஆவல். அவருக்கு விளக்கம் சொன்னவர் யார் தெரியுமா? கொழும்பில் தமிழ்த் தந்தைக்குப் பிறந்த ஆனந்த குமாரசுவாமி! 1917-ல் அபிநய தர்ப்பணம் என்ற பழைய நாட்டிய நூலை ஆங்கிலத்தில் கொண்டுவந்தபோது, கிரெய்க் அடிக்கடி கேட்டதைச் சொல்லியே அவர் முன்னுரையைத் தொடங்குகிறார்.

லண்டன்காரர் விடிய விடிய மகாபாரதம் போட்டார், தெரியுமா?

லண்டனில் 1925-ல் பிறந்தவர் பீட்டர் புரூக். இருபதாம் நூற்றாண்டின் மாபெரும் நாடக இயக்குநர்களில் ஒருவர். 1985-ல் பிரான்சின் அவிஞோன் விழாவில், ஒரு கல்குவாரிக்குள் மண் தரையை மேடையாக்கி, மகாபாரதத்தை ஒன்பது மணி நேர நாடகமாக நடத்தினார். பொழுது சாயத் தொடங்கி விடியும்வரை நடந்த காட்சிகளும் உண்டு. பல நாட்டு நடிகர்கள். திரௌபதியாக நம் மல்லிகா சாராபாய். உலகமே வாயைப் பிளந்து பார்த்தது. பார்க்க வேண்டிய சாதனைதான், சந்தேகமே இல்லை!

ஆனால் மண் தரையில் பாய் விரித்து, பிள்ளைகளை மடியில் படுக்கப்போட்டு, விடிய விடிய அர்ச்சுனனையும் அபிமன்யுவையும் பார்ப்பது நம் பாட்டிமாருக்கு வருஷா வருஷம் வந்துபோகும் திருவிழா. புரூக்கின் குவாரிக்கு உலகப் பத்திரிகைகள் ஓடின. நம் ஊர்த் திடலுக்கு நாம் போனால் போதும்.

சமஸ்தானமே அசந்துபோன நடிகர் யார் தெரியுமா?

புதுக்கோட்டையில் 1916 மே 5-ல் பிறந்த சின்னசாமிதான் பி.யு. சின்னப்பா! அப்பா உலகநாத பிள்ளையும் நாடக நடிகரே. சுவாமிகள் தொடங்கிய அதே தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையில் சிறுவனாகச் சேர்ந்து, பிறகு மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனிக்குப் போனார். பாட்டு, சிலம்பம், உடற்பயிற்சி எல்லாவற்றிலும் கைதேர்ந்தவர். 1940-ல் 'உத்தமபுத்திர'னில் இரட்டை வேடம். 1942-ல் 'கண்ணகி'யில் கோவலன். 1944-ல் 'ஜகதலப்ரதாப'னில் ஒரே காட்சியில் ஐந்து சின்னப்பாக்கள்: ஒருவர் பாட, மற்றவர்கள் பக்கவாத்தியம் வாசிக்கிறார்கள்! 1949-ல் 'மங்கையர்க்கரசி'யில் மூன்று வேடம்.

சம்பாதித்ததையெல்லாம் சொந்த ஊரிலேயே வீடு வீடாக வாங்கிப் போட்டார். இனிமேல் சின்னப்பா ஊருக்குள் வீடு வாங்கக் கூடாது என்று புதுக்கோட்டைச் சமஸ்தானமே தடை போட்டதாக இன்றைக்கும் புதுக்கோட்டையில் சொல்வார்கள். 1951 செப்டம்பர் 23-ல், 35 வயதிலேயே, அந்தப் பெருங்குரல் அடங்கிவிட்டது.

இன்னும் சில... மளமளவென்று!

சென்னை மாநகர மேயராகவும் விடுதலைப் போராட்டத் தலைவராகவும் விளங்கிய தீரர் சத்தியமூர்த்தி பிறந்தது நம் திருமயத்தில், 1887-ல். அவர் பம்மல் சம்பந்த முதலியாரின் சுகுண விலாச சபையில் வேடம் கட்டிய நடிகரும்கூட! நாடகக் கலைஞர்களை அரசியல் மேடைக்கு மரியாதையோடு அழைத்துவந்த முன்னோடியும் அவரே.

விராலிமலை முருகன் சந்நிதியில் சதிர் ஆடிய பரம்பரையின் ரா. முத்துக்கண்ணம்மாளுக்கு 2022-ல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. வள்ளி மணாளன் கோயிலில் ஆட்டம் ஒரு பக்கம், வள்ளி திருமண நாடகம் இன்னொரு பக்கம் என்று இந்த மாவட்டமே முருகனைக் கலையால் கும்பிட்டிருக்கிறது.

குடுமியான்மலைப் பாறையில் செதுக்கியிருக்கும் இசைக் கல்வெட்டுக்கு வயது ஆயிரத்தையும் தாண்டுகிறது. சுரங்களைக் கல்லில் எழுதி வைத்த மண் இது!

கடைசிவரை அவர் எங்கே இருந்தார் தெரியுமா?

1921-ல் சுவாமிகளைப் பக்கவாதம் தாக்கியது. கையும் காலும் முடங்கின, பேச்சும் போனது. ஆயிரக்கணக்கில் பாட்டுச் சொல்லிக்கொடுத்த வாய் அது. அந்த நிலையிலும் தன் மாணவப் பிள்ளைகளின் கம்பெனியை விட்டு அவர் பிரியவில்லை. ஊர் ஊராகக் கூடவே போனார். கம்பெனி புதுச்சேரியில் முகாமிட்டிருந்தபோது, 1922 நவம்பர் 13 திங்கட்கிழமை இரவு அவர் உயிர் பிரிந்தது. சொத்து என்று அவர் சேர்த்தது எதுவும் இல்லை. புதுச்சேரி கருவடிக்குப்பத்தில் அவர் சமாதி இருக்கிறது. ஒவ்வொரு நவம்பர் 13-லும் நாடகக் கலைஞர்கள் திரண்டு வந்து பாடிக் கும்பிட்டுவிட்டுப் போகிறார்கள். ஓர் ஆசிரியருக்கு இதைவிடப் பெரிய விருது வேறென்ன வேண்டும்?

நாம் என்ன செய்யலாம்?

வரும் பங்குனி, சித்திரை, வைகாசியில் உங்கள் ஊரிலோ பக்கத்து ஊரிலோ 'வள்ளி திருமணம்' நோட்டீஸ் கண்ணில் பட்டால் கடந்து போய்விடாதீர்கள். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போய் உட்காருங்கள். பபூன் காமெடி முடிந்ததும் எழுந்து வராமல், நாரதர் தர்க்கம் வரை இருங்கள். முடிந்தால் விடியும்வரை இருங்கள். விழாக் கமிட்டியில் இருப்பவர்கள், பாட்டுக் கச்சேரிக்கும் ஆடலும் பாடலுக்கும் கொடுக்கிற பணத்தில் ஒரு பங்கையாவது நாடகத்துக்கு ஒதுக்குங்கள். சுவாமிகள் பாட்டை முழுசாகப் பாடச் சொல்லிக் கேளுங்கள். ராத்திரி முழுக்கத் தொண்டை வற்றப் பாடிவிட்டு, காலையில் பஸ் ஏறி அடுத்த ஊருக்குப் போகும் அந்தக் கலைஞர்களுக்கு ஒரு வாய் காப்பியும் நல்ல மரியாதையும் கொடுத்து அனுப்புங்கள். பார்க்க ஆள் இருக்கும்வரை சங்கரதாஸ் சுவாமிகளின் நாடகம் நிற்காது!